விளையாடும் இடம் விற்பனைக்கல்ல!

லண்டன் மாநகரில், தேம்ஸ் நதியின் தென்கரையில், குயீன் எலிசபெத் இசை மண்டபத்தின் கீழே தூண்களுக்கிடையே ஒரு திறந்தவெளி. 1970-களிலிருந்து வாலிபர்கள் அங்கே ஸ்கேட்போர்டு என்னும் சக்கரப் பலகையில் சறுக்கி விளையாடுகிறார்கள். கட்டணம் கிடையாது. மூத்தவன் விழுந்து எழுந்து கற்றதை இளையவன் பார்த்துக் கற்கிறான்.

2013-ல் அங்கே கடைகள் வைக்கத் திட்டம் வந்தது. கலைக்கூடத்தைப் புதுப்பிக்க வாடகைப் பணம் வேண்டுமாம்! வாலிபர்கள் அதே இடத்தில் மேஜை போட்டுக் கையெழுத்து வாங்கினார்கள். ஆயிரமாயிரம் பேர் ஆட்சேபித்தனர். 2014-ல் இடம் காப்பாற்றப்பட்டது. அடைபட்டுக் கிடந்த ஒரு பகுதியும் 2019-ல் திறக்கப்பட்டது.

பூங்காவும் நூல்நிலையமும் போலச் சறுக்குத் திடலும் பொதுச்சொத்து. நகரசபைகளே, வரிப்பணத்தில் கட்டுங்கள். வாசலில் பூட்டுப் போடாதீர்கள்!