வெளியே வர வழி உண்டா?



2015-இல் நர்சிங் முடித்துப் பாளையங்கோட்டை வீட்டுக்கு வந்த என் தங்கைக்கு இரண்டு வேலைகள் காத்திருந்தன. ஒன்று, சென்னையில் தனியார் மருத்துவமனை. சம்பளம் 12,000, ஆனால் ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டை இரண்டு வருஷம் அவர்களிடம் கொடுத்துவைக்க வேண்டும். மற்றொன்று, எம்.ஆர்.பி. தேர்வு மூலம் அரசு மருத்துவமனை. தொகுப்பூதியம் 7,700 ரூபாய்தான்.

"கூடின சம்பளத்துக்கே போ" என்றேன். இன்ஜினியர் கணக்கு!

"இடையில பிடிக்கலைன்னா எப்படிண்ணே வெளிய வர?" என்றவள், அரசு வேலையில் சேர்ந்தாள்.

2017 நவம்பரில் தொகுப்பூதிய நர்சுகள் நிரந்தரம் கேட்டுச் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்தபோது, "வருத்தமா?" என்று கேட்டேன்.

"கஷ்டந்தான். ஆனா சர்ட்டிபிகேட் நம்ம பீரோவுல இருக்குல்லா?"

தம்பி தங்கையருக்கு யோசனை சொல்லும் நண்பர்களே, சம்பளத்தோடு வெளியே வரும் வழியையும் விசாரித்துச் சொல்லுங்கள்.