கொடுத்து வாங்கிய ஓட்டு

பேஸ்புக் கம்பெனி ஜனங்களுக்கு ஓட்டுரிமை கொடுத்து, பிறகு அதைப் பிடுங்கிக்கொண்ட விஷயத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லுகிறோம்.

2009-ம் வருஷம் பிப்ரவரியில் அக்கம்பெனி தன் விதிகளை மாற்றிற்று. கணக்கை மூடிவிட்டுப் போனவர்களின் எழுத்தையும் படத்தையுங்கூட கம்பெனி உபயோகிக்கலாம் என்று அதற்கு அர்த்தமாயிற்று. கண்டனம் பலத்தது. கம்பெனியார் பழைய விதிக்கே திரும்பி, இனி ஜனங்களே ஓட்டுச் செய்து தீர்மானிக்கலாம் என்றார்கள். ஆனால் நூற்றுக்கு 30 பேருக்கு மேல் ஓட்டுச் செய்தால்தான் அது செல்லும் என்று ஒரு நிபந்தனையும் வைத்தார்கள்.

2012 டிசம்பரில் இந்த ஓட்டு முறையையே எடுத்துவிடுவது பற்றி ஓட்டு நடந்தது. சுமார் 6 லட்சத்து 68 ஆயிரம் பேர் ஓட்டுச் செய்ததில் நூற்றுக்கு 88 பேர் எதிர்த்தார்கள். உபயோகிப்பவர்களோ 100 கோடி. வேண்டியதோ 30 கோடி ஓட்டு. எனவே எதிர்த்தவர்கள் ஜெயித்தும் தோற்றார்கள், ஓட்டுரிமை ஒழிந்தது.

ஜனங்களுக்கு அக்கறையில்லை என்று சிலர் சொல்லக்கூடும். 100 கோடிப் பேருக்கு வக்கீல் பாஷையில் ஒரு பத்திரத்தைக் காட்டி, ஏழே நாள் தவணை கொடுத்தால் 30 கோடி ஓட்டு எப்படி விழும்? அதே கம்பெனியின் பங்குதாரர் ஓட்டில் பாதிக்கு மேல் மார்க் சுக்கர்பெர்க் என்னும் ஒருவர் கையில் இருந்தது. அங்கே இந்த 30 கணக்கை யாராவது கேட்டார்களா?

தோழர்களே! முதலாளி மனமிரங்கிக் கொடுப்பது பிச்சையே ஒழிய உரிமையாகாது. கொடுத்த கையே அதைப் பிடுங்கிக்கொள்ளும். ஆகையால் நிபந்தனை எழுதும் அதிகாரமும் ஓட்டு எண்ணும் அதிகாரமும் கம்பெனி கையில் இல்லாதபடி சட்டம் செய்யவேண்டும். அதுவரை அந்த ஓட்டு வெறும் கண்துடைப்பேயாகும்.