ஓவர்ட்டன் பூங்காவின் 26 ஏக்கர்

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கும் பெரிய நகரம் மெம்ஃபிஸ். அந்த நகரத்தின் மையத்துக்குப் பக்கத்தில் 342 ஏக்கர் பரப்பில் விரிந்திருப்பது ஓவர்ட்டன் பூங்கா. 1901-ல் நகரம் இந்த நிலத்தை வாங்கியது. ஜார்ஜ் கெஸ்லர் என்ற நிலவடிவமைப்பாளர் அதைப் பூங்காவாக வகுத்தார். 1906-ல் உயிர்க்காட்சி சாலை வந்தது. பிறகு கோல்ஃப் மைதானம், ஓவியக் கல்லூரி, சிப்பி வடிவிலான திறந்தவெளி அரங்கு என ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. 1954 ஜூலை 30 அன்று, பத்தொன்பது வயது எல்விஸ் பிரெஸ்லி கூட்டத்துக்கு முன் நின்று பாடியது இந்த அரங்கில்தான்.

பூங்காவில் ஏறக்குறைய பாதி காடு. நட்டு வளர்த்த தோப்பு அல்ல. நகரம் தன்னைச் சுற்றி வளர்வதற்கு முன்பே அங்கே இருந்த பழைய காடு. ஓக் மரங்களும் துலிப் மரங்களும் ஓங்கி நிற்கும், கீழே கொடியும் புதரும் மண்டியிருக்கும். காட்டைக் காடாகவே விட்டுவைத்தால் பார்க்கிறவர்களுக்கு அது பராமரிப்பில்லாத இடமாகத்தான் தெரியும். புல்வெளியை வெட்டிச் சீராக்கி, பெஞ்சு போட்டால்தான் பூங்கா என்று நினைப்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. சாலைத் திட்டம் போடுகிறவர்களின் வரைபடத்திலோ அது வீடில்லாத, கடையில்லாத, இழப்பீடு கேட்க ஆளில்லாத நிலம்.

1956-ல் அமெரிக்க நாடாளுமன்றம் மாநிலங்களுக்கிடையிலான நெடுஞ்சாலைத் திட்டத்துக்குப் பணம் ஒதுக்கியது. செலவில் 90 விழுக்காட்டை மத்திய அரசே ஏற்கும். நூற்றுக்குப் பத்து ரூபாய் போட்டால் மீதி தொண்ணூறு வந்துசேரும் என்ற நிலையில், எந்த மாநிலமும் சாலையை வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை. கிழக்கே வட கரோலினாவிலிருந்து மேற்கே கலிபோர்னியா வரை செல்லும் 40-ஆம் எண் நெடுஞ்சாலை மெம்ஃபிஸைக் கடக்க வேண்டியிருந்தது. அது பூங்காவின் ஊடாகப் போகட்டும் என்று அதே ஆண்டிலேயே ஒப்புதலும் கிடைத்தது.

பூங்காவுக்குள் ஏற்கெனவே ஒரு சாலை இருந்தது. 40 முதல் 50 அடி அகலமுள்ள அதில் பேருந்துகள் மட்டுமே போகலாம். புதிய நெடுஞ்சாலை இதே தடத்தில்தான் வரும். ஆகவே, இருக்கிற சாலையை விரிவாக்குவதாகவே திட்டத்தைச் சொல்ல முடிந்தது. ஆனால் விரிவாக்கத்துக்குப் பின் தேவைப்படும் அகலம் 250 முதல் 450 அடி. ஆறு வழித்தடங்களில் வாகனங்கள் வேகமாக ஓடும். ஒரு சிற்றோடையைக் கடக்கும் இடம் தவிர மற்ற இடங்களில் சாலை தரைமட்டத்துக்குக் கீழே பள்ளத்தில் செல்லும். 26 ஏக்கர் பூங்கா நிலம் அழியும். உயிர்க்காட்சி சாலை ஒரு பக்கமும் மீதிப் பூங்கா மறுபக்கமுமாகத் துண்டாகும்.

குடியிருப்போரின் கவலை 26 ஏக்கரோடு நிற்கவில்லை. சாலையின் இரைச்சலும் புகையும் அதன் எல்லைக்கல்லோடு முடிந்துவிடுவதில்லை. காட்டின் நடுவே அகலமான வெட்டு விழுந்தால், அதுவரை உள்ளே நிழலில் நின்ற மரங்கள் ஓரத்துக்கு வந்துவிடும். வெயிலும் காற்றும் நேரடியாகத் தாக்கும், மண் காயும், வெளியிலிருந்து களைகள் நுழையும். வரைபடத்தில் 26 ஏக்கர் என்று இருப்பது தரையில் அதைவிடப் பல மடங்காகும்.

1957-ல் அக்கம்பக்கத்துக் குடியிருப்போர் ஓவர்ட்டன் பூங்காவைக் காக்கும் குடிமக்கள் என்ற பெயரில் ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். கையெழுத்து வாங்கினார்கள், பொதுக் கூட்டங்களில் பேசினார்கள், அதிகாரிகளுக்கு மனு மேல் மனுவாக அனுப்பினார்கள். ஊரின் வணிகர்களும் பெரிய நாளிதழ்களும் சாலையின் பக்கம் நின்றன. வளர்ச்சிக்குக் குறுக்கே நிற்பவர்கள் என்ற பட்டம் எளிதில் கிடைத்தது. பத்தாண்டுகளுக்கு மேல் இந்த மனுக்களால் ஒன்றும் அசையவில்லை.

அசைத்தது சட்டம். 1966-ல் மத்தியப் போக்குவரத்துத் துறையை உருவாக்கிய சட்டத்தில் 4(எஃப்) என்ற சிறு பிரிவு சேர்ந்தது. பொதுப் பூங்காவின் வழியாக ஒரு சாலைக்கு மத்திய அரசின் பணம் போக வேண்டுமானால் இரண்டு நிபந்தனைகள்: நடைமுறைக்கு ஒத்துவரும் விவேகமான மாற்று வழி எதுவும் இருக்கக் கூடாது, வேறு வழியே இல்லை என்றாலும், பூங்காவுக்கு நேரும் சேதத்தைக் குறைக்க முடிந்த அனைத்தையும் செய்திருக்க வேண்டும். 1968-ல் சாலைச் சட்டத்திலும் இதே நிபந்தனைகள் இடம்பெற்றன.

ஆனால் அதிகாரிகள் வேகத்தைக் குறைக்கவில்லை. 1968 ஏப்ரலில், அதாவது மார்ட்டின் லூதர் கிங் இதே மெம்ஃபிஸில் சுட்டுக் கொல்லப்பட்ட அந்த மாதத்தில், பூங்கா வழியே சாலை போகலாம் என்ற உள்ளூர் முடிவை மத்தியப் போக்குவரத்து அமைச்சர் ஏற்றதாக அறிவிப்பு வந்தது. அடுத்த ஆண்டு மாநில அரசு அந்த 26 ஏக்கருக்காக நகரத்துக்கு 20 லட்சம் டாலர் கொடுத்தது. அதில் பாதியைக் கொண்டு நகரம் வேறோர் இடத்தில் 160 ஏக்கரில் புதிய பூங்காவுக்கு நிலம் வாங்கிவிட்டது. 26 கொடுத்து 160 வாங்கினால் கணக்கில் லாபம்தான். பழைய காட்டை அப்படிப் பெயர்த்து எடுத்துப் போக முடியாது என்பது மட்டும் அந்தக் கணக்கில் இல்லை.

1969 நவம்பரில் அமைச்சர் ஜான் வோல்பி இறுதி ஒப்புதல் அளித்தார். மாற்று வழி ஏன் இல்லை என்பதற்கு அவர் ஒரு வரி விளக்கம்கூட எழுதவில்லை. பூங்காவின் வடக்கே சுற்றிப் போகலாம், தெற்கே சுற்றிப் போகலாம், சுரங்கம் அமைக்கலாம் என்று குடிமக்கள் அமைப்பு சொன்ன யோசனைகளுக்கும் பதில் இல்லை. டிசம்பரில் அமைப்பு வழக்குத் தொடுத்தது. கீழ் நீதிமன்றத்தில் தோல்வி, மேல்முறையீட்டிலும் தோல்வி. உச்ச நீதிமன்றம் வேலையை நிறுத்திவைத்து, 1971 ஜனவரியில் வழக்கைக் கேட்டது. மார்ச் 2 அன்று தீர்ப்பு வந்தது. எழுதியவர் நீதிபதி தர்குட் மார்ஷல், அந்த நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி.

அரசுத் தரப்பின் வாதம் கேட்க நியாயமாகவே இருந்தது: செலவு, பாதுகாப்பு, இடம்பெயரும் குடும்பங்கள் எல்லாவற்றையும் தராசில் போட்டுப் பார்த்துத்தான் அமைச்சர் முடிவெடுக்கிறார். மார்ஷல் கை வைத்தது அந்தத் தராசில்தான். பூங்கா அரசின் நிலம். அதன் வழியே சாலை போட்டால் யாரிடமும் நிலம் வாங்க வேண்டாம், யாரையும் வீட்டைவிட்டுக் கிளப்ப வேண்டாம். செலவையும் இடைஞ்சலையும் சமமாக எடை போடத் தொடங்கினால் ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் பூங்கா வழியே மலிவாகத் தெரியும். அப்படியானால் இந்தச் சட்டத்துக்கே தேவை இருந்திராது என்றார் அவர். பூங்காவுக்கே முதலிடம், மாற்று வழிகளின் செலவோ சிரமமோ அசாதாரணமான அளவுக்குப் போனால் மட்டுமே பூங்காவைத் தொடலாம் என்று தீர்ப்பு சொன்னது. வழக்கு வந்த பிறகு தயாரித்த பிரமாண வாக்குமூலங்கள் முடிவுக்குக் காரணம் ஆகாது. முடிவெடுத்த நேரத்தில் அமைச்சர் முன் இருந்த கோப்பு முழுவதையும் பார்க்க வேண்டும் என்று வழக்கு கீழே திருப்பி அனுப்பப்பட்டது. அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் நிர்வாகச் சட்டம் படிக்கும் மாணவர்கள் இன்றும் இந்த வழக்கைப் படிக்கிறார்கள். அவர்கள் படிப்பது பெரும்பாலும் கோப்பு பற்றிய பகுதியை. காடு பின்னுக்குப் போய்விட்டது.

தீர்ப்போடு பூங்கா பிழைத்துவிடவில்லை. விசாரணை மறுபடி நடந்து, விஷயம் மீண்டும் அமைச்சரிடமே போனது. 1973 ஜனவரியில், மாற்று வழியே இல்லை என்று தம்மால் சொல்ல முடியாது என வோல்பி ஒப்புக்கொண்டார். மாநில அரசு விடவில்லை; பள்ளத்தை ஆழப்படுத்தலாம், மேலே மூடலாம் என்று திட்டத்தைத் திருத்தித் திருத்தி அனுப்பியது. கடைசியில் 1981-ல் அந்தத் துண்டு நெடுஞ்சாலைத் திட்டத்திலிருந்தே நீக்கப்பட்டது. நகரின் வடபுறச் சுற்றுச்சாலை 40-ஆம் எண்ணைப் பெற்றது. பூங்காவின் கிழக்கு வாசலை நோக்கி வரும் அகலமான சாலை அங்கேயே முடிந்து, சாதாரணத் தெருவோடு சேர்ந்துவிடுகிறது.

பூங்கா தப்பியது, அதன் இருபுறமும் இருந்த தெருக்கள் தப்பவில்லை. வழக்கு முடியும் முன்பே சாலைக்காக வீடுகள் வாங்கப்பட்டு இடிக்கப்பட்டன. மேற்கே எவர்கிரீன் பகுதியில் அந்த மனைகள் ஆண்டுக்கணக்கில் வெறுமையாகக் கிடந்து, பிறகுதான் மீண்டும் வீடுகள் எழுந்தன. இதைச் சொல்லாமல் பூங்காவின் வெற்றியை மட்டும் சொல்வது பாதிக் கதை.

சட்டத்திலும் ஓட்டைகள் உண்டு. டெக்சாஸின் சான் அன்டோனியோ நகரில் பிராக்கன்ரிட்ஜ் பூங்காவை ஒட்டிய நிலங்களின் வழியே இதேபோல் சாலை திட்டமிடப்பட்டு, வழக்கும் நடந்தது. 1973-ல் நாடாளுமன்றமே அந்தத் திட்டத்தை மத்திய உதவிக்கான நிபந்தனைகளிலிருந்து விடுவித்தது; மாநிலம் சொந்தப் பணத்தில் சாலையைப் போட்டு 1978-ல் திறந்தது. மத்தியப் பணம் இல்லையென்றால் 4(எஃப்) இல்லை.

கவனிப்பாரற்ற பூங்காக்களுக்கு இன்னொரு ஓட்டை பெரிது. அந்தப் பிரிவு காப்பது முக்கியத்துவம் உள்ள பூங்காக்களை. எது முக்கியமானது என்பதைத் தீர்மானிப்பது பூங்காவை வைத்திருக்கும் அதிகாரிகளே. ஒரு பூங்காவுக்குப் பல ஆண்டுகள் பணம் ஒதுக்காமல் வேலியும் விளக்கும் பழுதாக விட்டுவிட்டு, மக்கள் வருவது குறைந்ததும், அது ஊருக்கு முக்கியமில்லை என்று அதே நிர்வாகம் எழுதித் தர இடமிருக்கிறது. 2005-ல், பூங்காவுக்குப் பாதிப்பு மிகச் சிறியது என்று முடிவானால் மாற்று வழி ஆராயத் தேவையில்லை என்ற விலக்கும் சேர்ந்தது. அதற்கும் பூங்கா அதிகாரிகளின் ஒப்புதல்தான் வேண்டும். பூங்காவை யார் பயன்படுத்துகிறார்கள், எப்போது, எதற்காக என்ற பதிவைக் குடியிருப்போரே வைத்திருப்பது இந்த இடத்தில்தான் கைகொடுக்கும்.

ஓவர்ட்டன் பூங்காவில் 2011-ல் பழைய காட்டின் 126 ஏக்கர் மாநில இயற்கைப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. பராமரிப்பை நகரத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்ட ஓர் அறக்கட்டளை ஏற்றது. அதற்குப் பிறகும் தகராறு கார்களால்தான் வந்தது. உயிர்க்காட்சி சாலைக்கு வரும் கூட்டத்தின் கார்கள் பூங்காவின் பெரிய புல்வெளியில் நிறுத்தப்பட, குடியிருப்போர் மறுபடியும் பதாகைகளோடு வந்தார்கள். சில ஆண்டு இழுபறிக்குப் பின், புல்வெளியில் கார் நிறுத்துவதை முடிவுக்குக் கொண்டுவரும் உடன்பாடு 2022-ல் ஏற்பட்டது.