வெளிநாடு போகுமுன் காப்பீடு: குழு கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் களப்பணியாளர்கள் சார்பில் ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, தவணை, வங்கி இணைப்பு என்று வழக்கமாகப் பேசுகிற நாம், இன்று வெளிநாட்டில் வேலை பார்க்கிறவர்களின் மருத்துவக் காப்பீட்டைப் பற்றிப் பேசப் போகிறோம். "அது ஏஜெண்டு பார்க்கிற வேலையாச்சே, நமக்கு எதுக்கு?" என்று சில அக்காமார் நினைக்கலாம். மேலூர், கொட்டாம்பட்டி, திருமங்கலம், உசிலம்பட்டி பக்கத்தில் பல குழுக்களில் வீட்டுக்காரரோ, மகனோ, தம்பியோ வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள். போவதற்கான பணத்தில் ஒரு பகுதி நம் குழுக் கடன்தான். போகிறவர் அவர், கையெழுத்து நம்முடையது. அவர் அங்கே படுத்துவிட்டால் தவணை நிற்காது. அதனால்தான் இது குழுவின் விஷயம்.

ஒரு கணக்குப் போடுவோம். 60,000 ரூபாய் கடன், 20 மாதத் தவணை, நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி. முதல் மாதம் அசல் 3,000, வட்டி 600, ஆக 3,600 ரூபாய். அவர் ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தால் சம்பளம் வராது, செலவு மட்டும் வரும். அந்த 3,600-க்கு நாம் எங்கே போவோம்? கழுத்தில், காதில் கிடக்கிறதுதான் அடகுக் கடைக்குப் போகும்.

கொரோனா காலம் இதை நமக்கு நன்றாகவே காட்டிவிட்டது. 2020 மார்ச் கடைசியில் விமானங்கள் நின்றன. மே 7-ஆம் தேதி 'வந்தே பாரத்' விமானங்கள் தொடங்கும் வரை நம் ஆட்கள் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். சவூதி அரசு 2020 மார்ச் 30-ல், விசா முடிந்தவர்கள் உட்பட எல்லோருக்கும் கொரோனா சிகிச்சை இலவசம் என்று அறிவித்தது. சிங்கப்பூரில் ஏப்ரல் மாதம் தொழிலாளர் விடுதிகளில் தொற்று பரவியபோது, சிகிச்சைச் செலவை அந்த நாட்டு அரசே ஏற்றது. நல்ல விஷயம்தான். ஆனால் அந்த இலவசம் கொரோனாவுக்கு மட்டும். சர்க்கரை மாத்திரை, நெஞ்சுவலி, சிறுநீரகக் கோளாறு இதற்கெல்லாம் கையில் காப்பீடு இருந்தால்தான் ஆச்சு. அங்கே காப்பீடு என்பது பெரும்பாலும் வேலையோடு ஒட்டியது. வேலை போனால் விசா போகும், விசாவோடு காப்பீடும் போகும். நோய் பரவுகிற நேரமும் வேலை போகிற நேரமும் ஒன்றாகவே வந்தன என்பதை மறந்துவிடக் கூடாது.

"அப்போ உடனே ஒரு பாலிசி போட்டிருக்கலாமே?" என்று கேட்கலாம். 2020 ஜூலையில் 'கொரோனா கவச்' என்ற குறுகிய காலப் பாலிசி இங்கே வந்தது. அதிலும் முதல் 15 நாள் காத்திருக்க வேண்டும். அதுவும் இந்தியாவில் எடுக்கிற சிகிச்சைக்கானது, துபாயில் படுத்திருப்பவருக்கு உதவாது. தாகம் எடுத்த பிறகு கிணறு வெட்டுகிற கதைதான். காப்பீட்டை ஆள் கிளம்புவதற்கு முன்னால், நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தே முடிவு செய்ய வேண்டும்.

நம் ஆட்களுக்கு மூன்று குடைகள் உண்டு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் குடை: முதலாளி போடுகிற காப்பீடு.

துபாயில் 2013-ல் வந்த சட்டப்படி தொழிலாளிக்கு முதலாளிதான் மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும். ஷார்ஜா, அஜ்மான் போன்ற மற்ற வட எமிரேட்டுகளிலும் 2025 ஜனவரி 1 முதல் தனியார் ஊழியர்களுக்கும் வீட்டு வேலைக்காரர்களுக்கும் இது கட்டாயம். சவூதியிலும் தனியார் துறை வெளிநாட்டுத் தொழிலாளிக்கு முதலாளிதான் எடுக்க வேண்டும். சிங்கப்பூரில் வொர்க் பெர்மிட்டில் போகிறவருக்கு ஆண்டுக்குக் குறைந்தது 60,000 சிங்கப்பூர் டாலருக்குக் காப்பீடு இருக்க வேண்டும். 2023 ஜூலைக்கு முன்பு இது 15,000 டாலராகத்தான் இருந்தது. ஆகவே "இன்சூரன்ஸுக்கு இவ்வளவு சம்பளத்தில் பிடிப்போம்" என்று யாராவது சொன்னால் அப்படியே தலையாட்டாமல் விவரம் கேட்க வேண்டும். அட்டை கைக்கு வந்ததும் இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

இரண்டாவது குடை: பிரவாசி பாரதிய பீமா யோஜனா.

பெயர் நீளமாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். மத்திய அரசு 2003-ல் கொண்டுவந்து, 2017-ல் திருத்திய திட்டம் இது. பத்தாவது தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் 'இ.சி.ஆர்.' என்று இருக்கும். அவர்கள் வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டும். அதோடு இந்தக் காப்பீடும் கட்டாயம். சந்தா இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய். மாதக் கணக்கில் 12 ரூபாய்கூட ஆகவில்லை, ரெண்டு டீ குடிக்கிற காசு!

இதற்கு என்ன கிடைக்கும்? விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனம் ஆனாலோ 10 லட்சம் ரூபாய். காயம், நோய் என்று ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் மொத்தம் 1 லட்சம் வரை, ஒரு முறைக்கு 50,000 வரை. வழக்குச் செலவுக்கு 45,000 வரை. வெளிநாட்டில் வேலை பார்க்கும் பெண்ணுக்குப் பேறுகாலச் செலவு 50,000 வரை. அங்கே முதலாளி மாறினாலும், இடம் மாறினாலும் இந்தப் பாலிசி செல்லும். காலம் முடிந்தால் ஆன்லைனிலேயே புதுப்பிக்கலாம்.

இதில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறோம், குறித்துக்கொள்ளுங்கள். 10 லட்சம் என்பது விபத்துக்குத்தான். நோயால் இறந்தால் அந்தத் தொகை கிடையாது. கொரோனாவும் நோய்தான். "இன்சூரன்ஸ் இருக்கு, பத்து லட்சம் வரும்" என்று நம்பியிருந்து பிறகு ஏமாறக் கூடாது. 1 லட்சம் மருத்துவச் செலவும் வெளிநாட்டு ஆஸ்பத்திரிக் கட்டணத்துக்குச் சீக்கிரம் கரைந்துவிடும். அதனால் இந்தக் குடை மட்டும் போதாது, முதல் குடையும் வேண்டும்.

இன்னொன்று. வேலைக்கென்று சொல்லி சுற்றுலா விசாவில் அனுப்பினால் குடிபெயர்வு அனுமதி இல்லை, இந்தப் பாலிசியும் இல்லை, முதலாளி காப்பீடும் இல்லை. அவசர ஆபத்துக்கு இந்தியத் தூதரகத்தில் 2009 முதல் இந்தியச் சமூக நல நிதி இருக்கிறது. வழியில்லாதவர்களின் அவசர சிகிச்சைக்கும், ஊர் திரும்ப டிக்கெட்டுக்கும் அதில் உதவி கேட்கலாம். ஆனால் அது கடைசி வழி. நம் வழி முதல் வழியாக இருக்கட்டும்.

மூன்றாவது குடை: ஊரில் இருக்கிற குடும்பத்துக்கு.

அவர் அனுப்புகிற பணம் இங்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டால் கடன் எப்படி அடையும்? 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக நடக்கிறதே, அதில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை பணம் கட்டாமல் சிகிச்சை பெறலாம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீஸில் உள்ள மையத்தில் பதிய வேண்டும். சந்தேகத்துக்கு 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. 2020 ஜூனில் தனியார் மருத்துவமனையில் கொரோனா சிகிச்சைக்கும் இந்தத் திட்டம் நீட்டிக்கப்பட்டது. இது வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் செல்லாது. ஆனால் நோயோடு திரும்பி வருகிறவருக்கு மதுரை இராஜாஜி மருத்துவமனையிலும், திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலும் கைகொடுக்கும். அதனால் ரேஷன் கார்டில் அவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

பெண்கள் போவது பற்றியும் ஒரு வார்த்தை. இ.சி.ஆர். பாஸ்போர்ட்டில் வீட்டு வேலைக்குப் போக 30 வயது முடிந்திருக்க வேண்டும். "வயசைக் கூட்டிப் போட்டுக்கலாம்மா" என்று சொல்கிற ஏஜெண்டை வாசலோடு அனுப்பிவிடுங்கள். பொய்ப் பத்திரத்தில் போன பெண்ணுக்கு நோய் வந்தால் எந்தக் காகிதத்தைக் காட்டிப் பணம் கேட்பாள்? சென்னையில் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது, அங்கே விசாரிக்கலாம். அயலகத் தமிழர் நல வாரியத்தில் பதிவு செய்தால் விபத்துக் காப்பீட்டு வசதியும் உண்டு.

சரி, குழு என்ன செய்யலாம்? வெளிநாட்டுப் பயணத்துக்குக் கடன் கேட்டு மனு வந்தால், இந்த ஐந்து கேள்விகளைக் கேட்டு, பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள்.

1. வேலை விசாவா, சுற்றுலா விசாவா? ஒப்பந்த நகல் எங்கே?

2. ஒப்பந்தத்தில் மருத்துவக் காப்பீடு முதலாளி பொறுப்பு என்று எழுதியிருக்கிறதா?

3. இ.சி.ஆர். பாஸ்போர்ட் என்றால் பீமா யோஜனா பாலிசி எடுத்தாச்சா? எந்தத் தேதியில் முடிகிறது?

4. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு உண்டா? எத்தனை மாத மாத்திரை, டாக்டர் சீட்டு கொண்டு போகிறார்?

5. வீட்டில் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா?

ஏஜெண்டு கமிஷன் சட்டப்படி 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் என்று கேட்கிறவரிடம் ரசீது கேளுங்கள். பாலிசி நகல் ஒன்று வீட்டிலும், ஒன்று குழுக் கோப்பிலும் இருக்கட்டும்.

"கடன் கேட்டா ஆயிரம் கேள்வி கேக்குறாங்களே" என்று மனு கொடுத்த தங்கச்சிக்கு அன்று சங்கடமாக இருக்கலாம். ஆனால் கேள்வி கேட்காமல் பணத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு தவணைக்கு அவள் வீட்டு வாசலில் பத்துப் பேர் போய் நிற்பதைவிட இது மேல். குழு என்றால் கடன் கொடுப்பது மட்டுமில்லை, கடன் வாங்கியவள் விழுந்துவிடாமல் பிடித்துக்கொள்வதும்தான்.

அடுத்த கூட்டத்துக்குள் ஒவ்வொரு குழுவும் வெளிநாட்டில் ஆள் உள்ள உறுப்பினர்கள் பட்டியலை எடுத்து, பாலிசி முடிகிற தேதியையும் எழுதிக் கொண்டுவாருங்கள். முடியப் போகிறவற்றை எப்படிப் புதுப்பிப்பது என்று நாம் சேர்ந்தே உட்கார்ந்து பார்ப்போம்.