கீர்த்தனை தந்த கவிஞர்கள்

சிலாபத்திற்குத் தெற்கேயுள்ள போலவத்தையில் 1742இல் மறைந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் கோவாவிலே பிறந்தவர். ஆயினும், தமிழையும் சிங்களத்தையும் கற்று, அவ்விரு மொழிகளிலும் சமய நூல்கள் யாத்தார். மக்களின் மொழியிலேயே இறைவனைப் போற்ற வேண்டும் என்னும் அந்நெறி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்தில் முழு மலர்ச்சி எய்தியது.

அங்குள்ள சீர்திருத்தச் சபைகளில் முன்னர் ஒலித்தவை பெரும்பாலும் மேனாட்டு மெட்டில் அமைந்த மொழிபெயர்ப்புப் பாடல்களே. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரோ (1774-1864) பல்லவி, அனுபல்லவி, சரணம் என நம் இசைமரபிலே சுவிசேஷத்தைப் பாடினார். நாட்டியத்துக்குரிய குறவஞ்சியும் அவர் கையில் ‘பெத்லகேம் குறவஞ்சி’ ஆயிற்று. அவருடைய கீர்த்தனைகளை அமெரிக்க மிஷனரி எட்வர்ட் வெப் திரட்டி, 1853இல் அச்சேற்றினார்.

நெல்லைச் சீமையில் வைணவக் குடியிற் பிறந்த எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 1858இல் திருமுழுக்குப் பெற்றார். சமயம் மாறிய பின்னரும் கம்பனை அவர் துறந்தாரில்லை. ஜான் பனியனின் கதையைத் தழுவி, 1894இல் ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்னும் காவியத்தை அளித்தார். அதனுள்ளே தேவாரப் பண்பில் அமைந்த இசைப்பாடல்களையும் வைத்தார்.

இன்று அக்கீர்த்தனைகள் பலர் நாவில் வாழ்கின்றன. ஆக்கியோர் பெயரோ மங்கி வருகின்றது. பிள்ளைகளுக்குப் பாட்டைப் பயிற்றும்போது புலவரின் பெயரையும் பயிற்றுவோமாக.