சாட்சிகள் இருக்கும்போதே

ஒரு வீட்டில் பெரியவர் காலமாகிவிட்டார் என்றால், பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவுக்காரர்கள் ஊருக்குக் கிளம்பும் நேரத்தில்தான் பீரோவைத் திறப்பார்கள். வீட்டுப் பத்திரம், பாஸ்புக், எல்.ஐ.சி. பாலிசி, அவற்றுக்கு அடியில் ஒரு உயில். உயிலைப் பார்த்ததும் எல்லோருக்கும் ஒரு நிம்மதி வரும். அப்பா எழுதிவைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார், இனி நமக்கென்ன வேலை என்று அதை எடுத்த இடத்திலேயே வைத்துப் பூட்டிவிடுவார்கள். ஆண்டுகள் ஓடும். வீட்டை விற்கவோ கடன் வாங்கவோ போகும்போது, வாங்க வந்தவருடைய வக்கீல் ஒரே கேள்வி கேட்பார்: இந்த உயிலை நிரூபித்துவிட்டீர்களா?

சென்னை நகரத்தில் இந்தக் கேள்விக்கு நெடுங்காலமாக ஒரு பதில் இருந்தது. 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, சென்னை, மும்பை, கொல்கத்தா உயர் நீதிமன்றங்களின் நேரடி உரிமையியல் எல்லைக்குள் இந்துக்கள் எழுதிய உயில்களுக்குப் புரோபேட் வாங்கியே ஆக வேண்டியிருந்தது. உயிலை வெளியூரில் எழுதியிருந்தாலும் வீடோ மனையோ அந்த எல்லைக்குள் இருந்தால் அதே கட்டாயம்தான். புரோபேட் என்பது, இது இன்னார் எழுதிய உண்மையான கடைசி உயில்தான் என்று நீதிமன்றம் விசாரித்து, முத்திரையிட்டுத் தரும் சான்று. மதுரையில் உயில் எழுதி மதுரையிலேயே சொத்தும் இருந்தால் அது கட்டாயமில்லை. மயிலாப்பூரில் வீடு இருந்தால் கட்டாயமாக இருந்தது. வெள்ளைக்காரர் காலத்து மாகாணத் தலைநகரங்களுக்கென்று வந்த இந்த வேறுபாடு, சுதந்திரம் அடைந்து முக்கால் நூற்றாண்டு கடந்தும் நீடித்தது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் இந்தக் கட்டாயத்தை விதித்த 213-ஆவது பிரிவையே நீக்கிவிட்டது.

நல்ல மாற்றம்தான், நான் மனதார வரவேற்கிறேன். ஆனால், இனி உயிலை வைத்துக்கொண்டு எதுவுமே செய்ய வேண்டாம் என்று பலர் புரிந்துகொண்டிருக்கிறார்கள். அதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. எடுக்கப்பட்டது கட்டாயம் மட்டுமே. விரும்பினால் இன்றும் புரோபேட் கேட்டு மனு போடலாம். யாராவது உயிலை மறுத்தால், அதை நிரூபிக்க வேண்டிய பொறுப்பு முன்போலவே உயிலைக் காட்டுபவர் தலையில்தான்.

நிரூபிப்பது எப்படி? உயிலின் கடைசிப் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். எழுதியவரின் கையெழுத்துக்குக் கீழே இரண்டு சாட்சிகளின் கையெழுத்து இருக்க வேண்டும். அந்த இருவரில் ஒருவராவது உயிரோடு இருந்து, வந்து சொல்லக்கூடிய நிலையிலும் இருந்தால், அவரை நீதிமன்றத்தில் விசாரித்துத்தான் உயிலை நிரூபிக்க வேண்டும். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் இந்த விதி மாறவில்லை. ரிஜிஸ்டர் ஆன உயிலாயிற்றே என்பீர்கள். பதிவு செய்தது ஒரு பலம்தான், ஆனாலும் சாட்சி வந்தாக வேண்டும். அதே பக்கத்தின் ஓரத்தில் பத்திரம் எழுதியவரும் கையெழுத்துப் போட்டிருப்பார். அவரை மூன்றாவது சாட்சியாக எண்ணிவிடாதீர்கள். சாட்சியாக நிற்கும் எண்ணத்தோடு போட்ட கையெழுத்துதான் சாட்சிக் கையெழுத்து என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

நம் வீடுகளில் யாரைச் சாட்சி போடச் சொல்கிறோம்? எழுதுபவரின் நண்பர், பக்கத்து வீட்டுக்காரர், கூட வேலை பார்த்தவர். பெரும்பாலும் அவர் வயதுதான் இவர்களுக்கும். அப்பாவுக்கு எண்பது என்றால் சாட்சிக்கு எழுபத்தெட்டு. உயிலை பீரோவில் வைத்துப் பூட்டிய பத்து வருடத்தில் இரண்டு சாட்சிகளும் போய்விடலாம். அப்போது சாட்சிகளில் ஒருவருடைய கையெழுத்தையாவது, உயில் எழுதியவருடைய கையெழுத்தையும், அவற்றை அறிந்தவர்களைக் கொண்டு நிரூபிக்க வேண்டியிருக்கும். சட்டத்தில் வழி உண்டு, ஆனால் அது கரடுமுரடான வழி. கட்டாயம் இருந்தவரை சென்னைக் குடும்பங்கள் வேறு வழியில்லாமல் நீதிமன்றத்துக்குப் போய், சாட்சி இருக்கும்போதே காரியத்தை முடித்துக்கொண்டன. இனி அந்த நெருக்கடி இல்லாததால் நாமேதான் சுதாரிக்க வேண்டும். தமிழ்நாட்டின் மற்ற ஊர்க்காரர்களுக்கும் இது பொருந்தும்.

அதனால் ஒரு வக்கீலைப் பாருங்கள் என்கிறேன். சண்டை வந்தால்தான் வக்கீல் என்ற பழக்கத்தை இந்த ஒரு காரியத்திலாவது விட்டுவிடுங்கள். போகும்போது இறப்புச் சான்றிதழ், அசல் உயில், மூலப் பத்திரம், வில்லங்கச் சான்றிதழ், சாட்சிகளின் இப்போதைய முகவரி இவற்றைக் கொண்டுபோங்கள். உயிலை நிறைவேற்ற ஒருவர் நியமிக்கப்பட்டிருக்கிறாரா என்று வக்கீல் முதலில் பார்ப்பார். அப்படி நியமிக்கப்பட்டவர்தான் புரோபேட் கேட்க முடியும். யாரையும் நியமிக்கவில்லை என்றால் புரோபேட்டுக்குப் பதிலாக, உயிலை இணைத்த நிர்வாக ஆவணம் கேட்க வேண்டும். மற்ற வாரிசுகளுக்கு நோட்டீஸ் போகும். யாராவது கேவியட் என்ற ஆட்சேப மனு போட்டு எதிர்த்தால் மனு வழக்காக மாறிவிடும். எதிர்ப்பு வருமா என்பதை ஒளிக்காமல் வக்கீலிடம் சொல்லிவிடுங்கள். காலமும் செலவும் அதைப் பொறுத்துத்தான்.

இன்னொன்றையும் அவரிடம் கேளுங்கள்: சொத்தின் உரிமை சரியாக இருக்கிறதா? புரோபேட் உயிலின் உண்மைக்குத்தான் சான்று, சொத்து இறந்தவருடையதுதானா என்பதற்கு அல்ல. தாத்தா பெயரிலேயே பத்திரம் இருக்கும் வீட்டை அப்பா உயிலில் எழுதிவைத்திருந்தால், புரோபேட் வாங்கிய பிறகும் அந்தச் சிக்கல் அப்படியே இருக்கும்.

உயிலே இல்லாத வீடுகள்தான் நம்மிடையே அதிகம். அங்கே தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ் யார் யார் வாரிசு என்று சொல்லும், யாருக்கு எவ்வளவு பங்கு என்று சொல்லாது. இந்து ஆண் ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால், அவருடைய சொத்தில் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் இருப்பதுபோல அவரைப் பெற்ற தாய்க்கும் ஒரு பங்கு உண்டு. பல வீடுகளில் அந்தக் கிழவியின் பெயரைச் சொல்லவே மறந்துவிடுகிறார்கள். வங்கிக் கணக்கில் நாமினியாக இருப்பவர் பணத்தை வாங்கிக்கொள்ளலாம், ஆனால் அது வாரிசுகளுக்குப் போக வேண்டிய பணம். கம்பெனிப் பங்குகளிலும் இதுவே நிலைமை என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது.

கடைசியாக, பெண்களிடம் நேரடியாகப் பேச வேண்டும். துக்கம் ஆறுவதற்குள் உங்கள் முன்னால் ஒரு காகிதம் வரும். சும்மா ஒரு கையெழுத்துதான் அம்மா, பட்டா மாற்றத்துக்கு என்பார்கள். அது விடுதலைப் பத்திரமாக இருக்கலாம். பதிவாகிவிட்டால் உங்கள் பங்கு போய்விடும், பிறகு அதை ரத்து செய்ய வழக்குப் போட்டு அலைய வேண்டும். அண்ணன் அழைத்து வந்த வக்கீல் அண்ணனுடைய வக்கீல். அவர் நல்லவராகவே இருந்தாலும், உங்கள் பக்கத்தைப் பார்க்க உங்களுக்கென்று ஒருவர் வேண்டும். கொடுக்க மனமிருந்தால் தாராளமாகக் கொடுங்கள், எதைக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுங்கள்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, எந்தப் பெண்ணும் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச வக்கீல் கேட்கலாம். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், குழந்தைகள் ஆகியோருக்கும் வருமான வரம்பு கிடையாது. மற்றவர்களில் பெரும்பாலோருக்கு வரம்பு உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, தாலுகா அளவில் வட்டக் குழுக்கள் இருக்கின்றன. நேரில் போய் மனு எழுதிக் கொடுக்கலாம். எழுதத் தெரியாவிட்டால் வாயால் சொன்னாலே போதும், அங்கே எழுதிக்கொள்வார்கள். போவதற்கு முன் விசாரிக்க, கட்டணமில்லாத தொலைபேசி எண் 15100.