பூச்சியம் இடம் மாறினால்

கணினியில் இயந்திரப் பாகங்களை வரைந்து பொருத்துகையில், யாவும் உற்பத்திப் புள்ளி எனும் பூச்சியத்திலிருந்தே அளக்கப்படும். அப்புள்ளியை வேறிடத்துக்கு மாற்றினால் ஆள்கூறுகள் மாறுமேயன்றிப் பாகங்களுக்கிடையிலுள்ள தூரம் மாறாது. ஆனால் புள்ளி மேலே நகர்ந்தால் உயர எண்கள் குறையும். கீழே நகர்ந்தால் கூடும்.

இக்குறி பிறழின் விளைவு யாது? ரைன் நதியின் இரு கரைகளிலும் லவுபன்பேர்க் என்ற பெயருடைய இரு நகரங்கள் உள. அவற்றை இணைக்கும் பாலத்தைக் கட்டுகையில், ஜேர்மனி வடகடல் மட்டத்தையும் சுவிற்சர்லாந்து மத்தியதரைக்கடல் மட்டத்தையும் பூச்சியமாகக் கொண்டன. வேறுபாடு 27 சதமமீற்றர் என்பது முன்னரே தெரிந்ததே. எனினும் திருத்தத்தின் குறி மாறியமையால் 54 சதமமீற்றர் பிழை 2003 இல் வெளிப்பட்டது. ஜேர்மன் கரைத் தாங்கியைத் தாழ்த்தவேண்டியதாயிற்று.

பூச்சியத்தை மாற்றுவோர் எவ்வளவு என்பதோடு எத்திசையில் என்பதையும் குறித்துவைத்தல் வேண்டும்.